இடுப்பில் ஒரு கறுத்த பொருக்கு

பெபிஷாவுக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. குலசேகரத்திலிருந்து திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையில், இருபது கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, மிஷினில் வைப்பது, வந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால் அவள் பெபிஷா இல்லை. யாருக்காவது பிளேட்லெட் ஏறியிருந்தால் தாளை நர்ஸிடம் கொடுக்காமல் தானே வார்டுக்கு ஓடிப்போய், "மாமி, ஏறியிருக்கு. நேத்தைக்கு நாப்பது, இன்னைக்கு அறுவத்தஞ்சு" என்று கட்டிலருகே நின்று வாசிப்பாள். கேட்கிற மாமிக்கு எது ஏறியது என்றே தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் நல்ல சேதிதான் என்று புரிந்துவிடும்.

வயது முப்பத்திரண்டு. அருமனைப் பக்கம் பிறந்தவள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மரத்தைக் கீறி, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, அது உறைய ஆசிட் கலந்து, உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட்டாக அடித்துக் காயப்போடுவார். தண்ணீர் கலக்காத ஆசிட் ஒரு சொட்டு தெறித்தால் போதும், தோல் வெந்து கறுத்துப் பொருக்குத் தட்டிவிடும். ரப்பர் வீடுகளில் யார் கையைத் திருப்பிப் பார்த்தாலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழங்கையில் சிராய்ப்போடு வந்தால் யாராவது கேட்பார்களா, அதைப் போல இதையும் யாரும் கேட்பதில்லை.

பெபிஷா நன்றாகப் படித்தாள். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து, வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். அவளுடைய வாழ்க்கையில் அதுதான் பொற்காலம் என்று அவளே சொல்லுவாள். சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள், அதனால் சுருக்கமாக நான் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பில் உள்ள செல் எதுவும் தன் பாட்டுக்கு இருப்பதில்லை. உள்ளே ஒரு கிருமி நுழைந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சேதி சொல்லும். இதற்கென்றே ஒரு புரதம் உண்டு. சாதாரண நாளில் அது செல்லின் உட்கருவுக்கு வெளியே சும்மா கிடக்கும். ஆபத்து என்று தெரிந்ததும் உட்கருவுக்குள் பாய்ந்து, தூங்குகிற மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அப்புறம்தான் செல் தன் சேதிப் பொருட்களைத் தயாரித்து ரத்தத்தில் விடும். வெள்ளணுக்கள் ஓடி வரும், ரத்தக்குழாய் தளர்ந்து வழிவிடும், இடம் சிவந்து வீங்கிச் சூடேறும். அழற்சி என்று நாம் சொல்வது இந்தக் களேபரத்தைத்தான்.

பெபிஷா இருந்த கூடத்தில் பார்த்தது உண்ணிக் காய்ச்சல் கிருமியை. ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி உண்ணி கடித்து அது உடம்பில் ஏறும். பொல்லாத கிருமி என்பதால் அதை நேரடியாகத் தொட இவர்களுக்கு அனுமதி கிடையாது. அதன் ஒரே ஒரு புரதத்தை மட்டும் எடுத்துச் செல்லுக்குள் வைத்து என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். சேதி சொல்லும் புரதத்துக்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கும். ஆபத்து என்று செல்லுக்கு ஒரு பொய்த் தகவல் கொடுத்தால், மற்ற செல்களில் அரை மணிக்குள் பச்சை உட்கருவுக்குள் போய்விடும். கிருமியின் புரதம் இருந்த செல்லில் அது போகவில்லை. வாசல் வரை வந்து வெளியிலேயே நின்றது. கிருமி தூதுவனை வழியிலேயே மறித்துவிட்டது. மைக்ராஸ்கோப் இருந்த இருட்டறைக்குள் பெபிஷா போட்ட கூச்சலில் வாசல் காவலாளி பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார்.

திட்டத்துக்கு வந்த பணம் முடிந்தது, வேலையும் முடிந்தது. கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது, புருஷன் லிஜோ மஸ்கட்டுக்குப் போனான். "இத்தர படிச்சிட்டு மூத்திரம் டெஸ்ட் பண்ணுதியா" என்று ஊரில் கேட்டார்கள். அவளுக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் சிறுநீர்க் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும்போதும் அவளுக்கு அதே ஆவல்தான் இருந்தது, அதை என்ன செய்ய.

போன நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, தேவகுமார் என்கிற பால்வெட்டுக்காரரைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. நாலு நாள் காய்ச்சலில் சுருண்டு போயிருந்தார். மண்டை வெடிக்கிற தலைவலி. கூட வந்த மனைவி நேசபாய் பைபிளையும் கஞ்சிப் பாத்திரத்தையும் ஒரே பையில் வைத்திருந்தாள்.

டாக்டர் ஆன்ட்ரூஸ் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம்தான். திருக்கை முள் குத்திய காயத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ரப்பர் அவருக்குப் புதுசு. தேவகுமாரின் இடுப்பில், சாரம் என்று அங்கே சொல்கிற லுங்கியை முடிச்சிட்டுக் கட்டுகிற இடத்தில், பட்டாணி அளவில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. டாக்டர் அதை உற்றுப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலில், கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்திருக்கும் என்று அவர் படித்திருந்தார். பார்த்ததில்லை. அந்த நேரம் பெபிஷா ரத்தம் எடுத்து முடித்துக் குப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பெபிஷா, இது உண்ணி கடிச்சதா இருக்குமா?"

பெபிஷா நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "இல்ல டாக்டர், ஆசிட் பட்டதாக்கும். ஷீட்டு அடிக்கியவங்களுக்கு இது சாதாரணம். எனக்க அப்பாவுக்க கையில எண்ணினா பத்து இருக்கும்."

போதாக்குறைக்கு, உண்ணிக் காய்ச்சலுக்கான அட்டையில் ரத்தம் விட்டுப் பார்த்ததில் ஒரு கோடுதான் விழுந்தது. இல்லை என்று அர்த்தம். டாக்டர் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டார். ரப்பர் தோட்டத்து ஈரத்தில் வருகிற எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கான ஊசியைப் போட்டார்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. காய்ச்சல் அசையவில்லை. வியாழக்கிழமை காலை தேவகுமார் மூச்சு விடுவதையே வேலை செய்வது போலச் செய்துகொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூறு. எக்ஸ்ரேயில் நுரையீரல் மேல் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. பெபிஷா கையில் இருந்த தாளில் பிளேட்லெட் ஐம்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கி, அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. நூற்று அறுபதுக்கு ஏறியிருந்தது. அன்று அந்தத் தாளை அவள் வார்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடவில்லை. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அங்கே தீவிர சிகிச்சைக் கட்டில் மறுநாள் காலைதான் ஒழியும் என்றார்கள். அதுவரை ஆள் தாங்க வேண்டும்.

அப்போதுதான் நர்ஸ் பிந்து லேப் ஜன்னலில் வந்து நின்றாள். அவளுக்குப் பேச்சுத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு ஜீவன் போயிட்டு வந்துது கேட்டியா. தேவகுமாருக்கு மேலு தொடச்சி விட்டேன். அந்த ஆசிட் புண்ணுல ஸ்பிரிட் வச்சு அமுக்கித் தொடச்சும் ஆளுக்கு ஒரு அனக்கமும் அசைவும் இல்ல. போதம் போயிட்டுதோன்னு பேடிச்சு விளிச்சேன். 'என்ன பிள்ளே'ன்னு தெளிவா கேக்காரு."

"வலிக்கேலன்னா சொன்னாரு?"

"அப்படி ஒண்ணு இடுப்புல இருக்கதே அவருக்கு இங்க வந்துதான் தெரியுமாம்."

பெபிஷாவின் கையிலிருந்த குப்பி தாங்கியில் போய் உட்காராமல் மேசையில் நின்றது. ஆசிட் பட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. அப்பா காலில் பட்ட அன்று கிணற்றடிக்கு ஓடின ஓட்டம் அவளுக்குத் தெரியும். அதுவும் பட்டது கையிலும் காலிலும்தான். கட்டின சாரத்துக்கு உள்ளே, முடிச்சுக்கு அடியில், ஆள் அறியாமல் ஒரு ஆசிட் சொட்டு எப்படிப் போகும்? வலிக்காத ஆசிட் எங்கே இருக்கிறது?

வார்டுக்கு ஓடினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். கேட்டுக்கொண்டு கவட்டில் விரல் வைத்துப் பார்த்தால், நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. மூன்று வருடம் படத்தில் பார்த்த வடு. மூன்று வருடம் எந்தக் கிருமியின் திருட்டுத்தனத்தைக் கண்டு கூச்சல் போட்டாளோ, அது அவள் முகத்துக்கு நேரே நாலு நாளாகக் கிடந்திருக்கிறது. படித்த கண் பார்க்குமுன் ரப்பர் வீட்டுக் கண் முந்திக்கொண்டது. பயமும் இருந்தது, அதைவிட அதிகமாக ஒரு குதிப்பு இருந்தது. கண்டுபிடித்தாயிற்று, மருந்து இருக்கிறது, இந்தக் கட்டிடத்திலேயே இருக்கிறது.

"டாக்டர், நான் தப்பு சொல்லிட்டேன்" என்றாள் கதவைத் தட்டாமல் உள்ளே போய். "அது ஆசிட் இல்ல. உண்ணி கடிச்சதுதான். நெறி கட்டியிருக்கு. அட்டையில நாலாம் நாள் ஒண்ணும் தெரியாது, எதிர்ப்புப் பொருள் ஊற ஒரு வாரம் ஆகும். எனக்கு அது தெரியும் டாக்டர். தெரிஞ்சிட்டேதான் சும்மா இருந்தேன்."

ஆன்ட்ரூஸ் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். "நானும் அட்டையை நம்பினேன்" என்றார். அப்புறம் பிந்துவைக் கூப்பிட்டு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஊசியாகவே ஏற்றச் சொன்னார். பகல் பதினொன்றே முக்காலுக்கு முதல் மருந்து உள்ளே இறங்கியது.

நேசபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று எல்லோரும் ஓடுகிறார்கள், புதுப் பாட்டில் தொங்குகிறது, லேப் பெண்ணின் முகம் வேறு சிவந்து கிடக்கிறது. "எனக்க ஆளு பிழைக்குமா மக்கா, நேரா சொல்லு" என்றாள்.

பெபிஷா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "மாமி, உங்க சபைக்கு வாட்ஸாப் குரூப் இருக்கில்லியா?"

"அது எதுக்கு இப்ப?"

"அதுல ஒருத்தரு 'ஆத்துல வெள்ளம்'னு போட்டா என்ன ஆகும்?"

"ஒம்பது பேரு அதையே திருப்பிப் போடுவாவ. பொறவு எல்லாரும் விளிச்சு விளிச்சுக் கேப்பாவ. ஃபோன் சூடாயிரும்."

"மாமாவுக்க ரத்தக்குழாய்ல உள்ள செல்லுங்களும் அப்படித்தான் இருக்கு. இந்தக் கிருமி முதல்ல மெசேஜ் போகாம தடுத்து வச்சிட்டு, உள்ள இருந்து நல்லா பெருகிக்கிடும். பொறவு அது மறைச்சு வைக்க முடியாத அளவுக்குப் பெருகின உடன, எல்லா செல்லும் ஒரே நேரத்துல மெசேஜ் அடிக்கத் தொடங்கும். அடிச்ச மெசேஜையே திருப்பித் திருப்பி அடிக்கும். அதக் கேட்டு வெள்ளணு எல்லாம் ஓடி வந்து ரத்தக்குழாய்ச் சுவரை இளக்கிருச்சு. அதுல கசிஞ்ச தண்ணிதான் நெஞ்சுல நிக்கிது. இப்ப ஏத்துற மருந்து கிருமியைப் பெருக விடாது. கிருமி அடங்கிட்டா மெசேஜ் நிக்கும். மெசேஜ் நின்னா தண்ணி வடியும்."

"எப்ப வடியும்?"

பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும் என்று பெபிஷா படித்திருந்தாள். பெரும்பாலும் என்ற வார்த்தையை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நாளைக்குக் காலம்பற பாப்போம் மாமி" என்றாள். நேசபாய் பையிலிருந்து பைபிளை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பெபிஷா ஏழு மணிக்கே வந்துவிட்டாள். பிள்ளையை அம்மாவிடம் போட்டுவிட்டு, தலைகூடச் சரியாக வாராமல், ஸ்கூட்டரை நிறுத்தின வேகத்தில் ஸ்டாண்டு போட மறந்து, அது சாய்ந்து, வாட்ச்மேன் பிடித்தார். பிந்து வார்டு வாசலிலேயே தெர்மாமீட்டரோடு நின்றிருந்தாள். "நூத்துக்குக் கீழ" என்றாள். "வந்த அன்னைல இருந்து இதுதான் முதல் தடவை."

ஆக்ஸிஜன் தொண்ணூற்று நாலு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கட்டில் ஒழிந்தது என்று ஃபோன் வந்தபோது டாக்டர் நன்றி சொல்லி, வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார். பெபிஷா ரத்தம் எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போன வேகத்தைப் பார்த்து மருந்துக்கடைப் பையன் வழிவிட்டு ஒதுங்கினான். சி.ஆர்.பி. நூற்றுப் பத்து. இறங்குகிறது. ஆள் ஆளாகக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினாள். அந்த உடம்புக்குள் ஒவ்வொரு செல்லாகச் சேதி அனுப்புவதை நிறுத்திக்கொண்டு வருவதை அவளால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. மைக்ராஸ்கோப்பில் பச்சை வெளிச்சத்தைப் பார்த்த நாளைவிட அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கே செல்லுக்குப் பெயர் கிடையாது, கஞ்சி கேட்காது. இவர் பத்து மணிக்குக் கஞ்சி கேட்டார், கூடவே நெத்தலித் துவையலும் கேட்டார்.

டாக்டர் வார்டில் எல்லோர் முன்னாலும், "பெபிஷா கண்டுபிடிச்சதாக்கும்" என்றார். நேசபாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெபிஷாவுக்கு உள்ளே எதுவோ நெருடியது. கண்டுபிடித்தது அவள்தான். மறைத்து வைத்ததும் அவள்தானே. நாலு நாள் சரியான மருந்தில்லாமல் கிடந்து அவர் மூச்சுக்குத் திணறியது அவள் எட்டிப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையால்.

சனிக்கிழமை மறுபடி அட்டையில் ரத்தம் விட்டாள். இந்தத் தடவை இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். தேவகுமார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல், ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேசபாய் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

"மாமா, ஒரு காரியம் சொல்லணும். நீங்க வந்த அன்னைக்கே டாக்டரு சந்தேகப்பட்டாரு. நான்தான் அது ஆசிட் பட்டதுன்னு சொல்லி விட்டேன். சரியா பாக்காம சொன்னேன். அதனாலதான் இத்தர கஷ்டம். நீங்க என்னைய ஏசணும்னா ஏசுங்க."

நேசபாயின் கை ஆரஞ்சிலேயே நின்றது. தேவகுமார் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அது ஆசிட் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு மக்கா" என்றார். குரல் இன்னும் கரகரத்தது. "நான் ஆசிட் தொட்டு நாலு மாசமாச்சு. முதலாளி இப்ப ஷீட்டு அடிக்கது இல்ல. பாலை அப்படியே டின்னுல ஊத்தி வண்டிக்குக் குடுத்திருதாரு."

"பின்ன ஏன் மாமா சொல்லேல்ல?"

"நீ படிச்ச பிள்ளை. அங்க நின்னுட்டே பாத்துச் சொல்லிட்ட. பழசு எதாம் இருக்கும், நமக்குத்தான் ஓர்மையில்லன்னு நெனச்சேன்." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் எனக்க இடுப்பப் பாத்துப் பேசினிய. எங்கிட்ட ஒண்ணும் கேக்கேல்லியே."

பெபிஷா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கேக்கேன் மாமா. மொதல்ல இருந்து சொல்லுங்க. காய்ச்சலுக்கு முந்தி எங்க வேலை பாத்திய?"

"மழைக்குப் பொறவு தோட்டத்துல காடு கேறிக் கிடந்துது. ஒரு வாரம் நின்னு வெட்டினோம். உச்சைக்குக் கஞ்சி குடிச்சிட்டு அங்கேயே புல்லுல சாஞ்சு கிடப்போம்."

"யாரெல்லாம்?"

"நானும் பெனிஷும். இளவட்டம், இப்பதான் கல்யாணம் ஆன பையன்." சொல்லச் சொல்ல அவருக்கே முகம் மாறியது. "நான் இங்க வந்த அன்னைக்கு சாயங்காலம் அவன் ஃபோன் போட்டான். எனக்க இடுப்புல உள்ளதைச் சொன்னேன். எனக்கும் கக்கத்துல அதே மாதிரி ஒரு கறுப்பு இருக்கே மாமான்னான். ஆசிட்டுன்னு லேப்ல சொல்லியாச்சு, நீ பேடிக்காண்டாம்னு சொல்லிட்டேன். நேத்தைக்கு அவனுக்க பெண்டாட்டி இவகிட்ட பேசிச்சு. மூணு நாளா காய்ச்சலாம்."

பெபிஷா எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. "நம்பர் சொல்லுங்க" என்றாள். நேசபாய் ஆரஞ்சைப் போட்டுவிட்டு ஃபோனைத் தேடி எடுத்து நீட்டினாள். நாலு முறை அடித்து, ஐந்தாவதில் ஒரு சோர்ந்த குரல் எடுத்தது.

"பெனிஷ் தம்பியா? நான் ஆஸ்பத்திரி லேப்ல இருந்து பேசுதேன். உனக்கு அது ஆசிட்டுன்னு சொன்னவ நான்தான். நான் சொன்னது தப்பு. உடனே கிளம்பி இங்க வா." அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பெபிஷா அதற்குள் வார்டு வாசலைத் தாண்டியிருந்தாள். "இல்ல, நீ எழும்பாண்டாம். வீட்டுக்கு வழி சொல்லு, ஆட்டோ பிடிச்சிட்டு நானே வாறேன்."